பெட்டியில் எழுதிய அளவும் கையில் வந்த அளவும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகரம், மெத்தை, தண்ணீர்த் தாங்கி, பென் டிரைவ், கேஸ் சிலிண்டர் எதுவாக இருந்தாலும் சொன்ன அளவு ஒன்று, வந்த அளவு வேறு என்றால் என்ன செய்யலாம் என்பதற்கான பதில்கள் இவை. சட்டம் இலங்கைச் சட்டம். அளக்கும் முறை நுவரெலியாவிலும் பதுளையிலும் வீட்டில் இருக்கும் சாமான்களைக் கொண்டே செய்யக்கூடியது.

பெட்டியில் அச்சடித்த அளவு வெறும் விளம்பரமா, வாக்குறுதியா?

வாக்குறுதிதான். "72 x 36 x 4 அங்குலம்", "1000 லீட்டர்", "0.47 மி.மீ." என்று விற்பவர் ஓர் எண்ணைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் காசு கொடுத்தால் அந்த எண் வெளிப்படையான உத்தரவாதம் ஆகிவிடுகிறது. "வாரண்டி" என்று தனியாக ஒரு அட்டை தர வேண்டியதில்லை. வாரண்டி அட்டை பழுதுக்கு. அளவுக்கு பெட்டி, லேபல், பில், விளம்பரம் இவையே போதும்.

இதற்கு இரண்டு சட்டங்கள் துணை நிற்கின்றன. ஒன்று 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்: விவரணம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும். மற்றது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். உற்பத்தியாளரோ வியாபாரியோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி முறையிட அதன் 13ஆம் பிரிவு வழி விடுகிறது. ஏமாற்றும் நடத்தையை 30ஆம் பிரிவும், பொருளைப் பற்றிய பொய்யான கூற்றை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. சாதாரண வீட்டுச் சாமானுக்கு நடைமுறையில் கைகொடுப்பது 13ஆம் பிரிவு.

"ஜம்போ", "குடும்பத்துக்கே போதும்" என்று போட்டிருந்தால்?

அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது புகழ்ச்சி, அளவு இல்லை. அளக்கக்கூடிய எண் ஒன்று வேண்டும். "பெரிய தாங்கி" என்று சொன்னால் விட்டுவிடுங்கள், "ஆயிரம் லீட்டர் தாங்கி" என்று சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும்?

விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். குறை தெரிந்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. பலருடைய முறைப்பாடு விழுந்துபோவது இங்கேதான். தகரத்தை வாங்கி, மழை விடட்டும் என்று லயன் காம்பிராவின் பின்னால் அடுக்கி வைத்து, நான்கு மாதம் கழித்து ஏற்றும்போது குட்டை என்று கண்டுபிடித்தால் 13ஆம் பிரிவின் கதவு சாத்தப்பட்டிருக்கும். "அடுத்த லோட் வந்ததும் மாத்தித் தர்றேன்" என்று முதலாளி சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்த மூன்று மாதத்திலேயே கழிகிறது. பேச்சு நடக்கட்டும், கடிதமும் போகட்டும்.

சாமான் வீட்டுக்கு வந்த அன்றே அளந்துவிடுங்கள்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

அளவு இருக்க வேண்டும். "தகரம் 10" என்று எழுதிய பில் பாதிப் பில். பத்துத் தகரமா, பத்தடித் தகரமா என்றுகூட அதில் தெரியாது. நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்:

"முதலாளி, பில்லுல நீளமும் தடிப்பும் எழுதித் தாங்க."

"அதெல்லாம் தகரத்துலயே அடிச்சிருக்கே, அக்கா."

"அடிச்சிருந்தா எழுதுறதுக்கு என்ன முதலாளி? பத்தடி, பூச்சியம் தசம் நாலு ஏழுன்னு போடுங்க."

எழுதத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தயங்குவதில்லை.

சம்பள நாளில் தோட்டத்துக்கு வேனில் வந்து தவணைக்கு விற்கிறார்களே, அவர்களிடம்?

சட்டம் அவர்களுக்கும் உண்டு. சிக்கல் ஆளைப் பிடிப்பதில்தான். தவணை அட்டையில் பெரும்பாலும் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும். வாங்குமுன் வேனின் இலக்கத்தகடு, விற்பவரின் முகவரி, பொருளின் அளவு மூன்றையும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். பொருளை வேனுக்குப் பக்கத்திலேயே விரித்து அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அளவு குறைவு என்று தெரிந்த பிறகு தவணையைச் சும்மா நிறுத்தாதீர்கள். எழுத்தில் காரணம் சொல்லாமல் நிறுத்தினால் கடன் கட்டாதவர் என்று கதையைத் திருப்பிவிடுவார்கள்.

பில் இல்லவே இல்லை. ஒன்றும் செய்ய முடியாதா?

செய்யலாம், கொஞ்சம் கடினம். பெட்டி, லேபல், வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் செய்தி, கூட வந்தவரின் சாட்சி எல்லாம் பயன்படும். பெட்டியைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டால்தான் உண்மையிலேயே கஷ்டம்.

அளக்கும்போது மக்கள் செய்யும் தவறு என்ன?

நான்கு தவறுகள். தையற்காரரின் துணி டேப்பால் அளப்பது: பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும், பொருள் குட்டையாகக் காட்டும். இரும்பு டேப்பையே பயன்படுத்துங்கள். அதன் நுனிக் கொக்கி சற்று ஆடுவதைப் பார்த்து டேப் பழுது என்று நினைக்க வேண்டாம். கொக்கியின் தடிப்பை ஈடுகட்டவே அதை ஆடும்படி செய்திருக்கிறார்கள். இரண்டாவது, ஒரே இடத்தில் அளப்பது. இரண்டு ஓரம், நடு என்று மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது, வெட்டிய பிறகோ கழுவிய பிறகோ அளப்பது. கம்பளியும் பருத்தித் துணியும் கழுவினால் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது. நான்காவது, படம் ஒன்று மட்டும் எடுப்பது. டேப்பின் பூச்சியம் பொருளின் விளிம்பில் இருக்கும் படம், மறுமுனையில் எண் தெரியும் படம், முழுப் பொருளும் டேப்போடு தெரியும் படம் என்று மூன்று வேண்டும். பூச்சிய முனை தெரியாத படத்தை எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தள்ளிவிடும்.

தகரம்: நீளம் சரி, ஆனால் கூரை மூடவில்லை. குறைவா?

அநேகமாக இல்லை. மலையகத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தகரத்துக்கு மூன்று அகலம் உண்டு. வளைக்குமுன் தட்டையாக இருந்த அகலம், வளைத்த பிறகு விளிம்புக்கு விளிம்பு அகலம், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிய பிறகு உண்மையில் மூடும் அகலம். 36 அங்குலத் தட்டைத் தகட்டில் மூன்று அங்குல வளைவு பத்துப் போட்டால் அகலம் ஏறக்குறைய 32 அங்குலமாகிவிடும். பக்கத்துத் தகரத்தின்மேல் ஒரு வளைவை ஏற்றினால் மூடுவது 29 அங்குலம். இருபதடி அகலக் கூரைக்கு "மூன்றடித் தகரம்" என்று கணக்குப் போட்டால் ஏழு வரும். 29 அங்குலத்தில் கணக்குப் போட்டால் ஒன்பது. இரண்டு தகரம் காணவில்லை என்று தோன்றும், உண்மையில் கணக்குத்தான் பிழை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை அடித் தகரம்?" அல்ல, "ஏத்தினா எத்தனை இஞ்சி மூடும்?" என்பதுதான். பதிலைப் பில்லில் எழுத வையுங்கள். எழுதிய எண் அப்புறம் பொய்யானால் அது உங்கள் வழக்கு.

தடிப்பு வேறு விஷயம். உண்மையான மோசடி அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 0.47 என்று சொல்லி 0.40 கொடுத்தால் 15 வீதம் இரும்பு குறைவு. ஆணி அடித்த இடத்தைச் சுற்றி அமுங்குவது, காற்றில் படபடப்பது எல்லாம் அதன் விளைவு. வாகனம் திருத்தும் இடத்திலோ லேத் பட்டறையிலோ மைக்ரோமீற்றர் இருக்கும். வெட்டு விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, பிசிறு இல்லாத இடத்தில், ஐந்து இடம் அளந்து எழுதுங்கள். நிறம் பூசிய தகரத்தில் அந்த எண் பெயின்டையும் சேர்த்தது. கடைக்காரர் சொன்ன எண் பெயின்டோடா, பெயின்ட் இல்லாமலா என்று முதலில் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே கடைசியில் சாக்காகச் சொல்வார்.

மைக்ரோமீற்றர் கிடைக்காவிட்டால் தராசு போதும். ஒரு நூலைத் தகரத்தின் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு வளைவின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒட்டியபடி மறு ஓரம்வரை கொண்டுபோங்கள். நூலை நிமிர்த்தி அளந்தால் தட்டை அகலம் வந்துவிடும். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு 0.47 மி.மீ. தடிப்பில் சுமார் 3.7 கிலோ, 0.35 மி.மீ. தடிப்பில் சுமார் 2.75 கிலோ. தட்டை அகலம் 36 அங்குலம், நீளம் பத்தடி என்றால் பரப்பு சுமார் 2.79 சதுர மீற்றர். அப்படியானால் 0.47 தகரம் ஒன்று பத்துக் கிலோவைக் கொஞ்சம் தாண்ட வேண்டும், 0.35 என்றால் எட்டுக் கிலோவைத் தொடாது. மேற்பூச்சு இரும்பைவிட இலேசு என்பதால் அரைக் கிலோ முன்பின் இருக்கும், ஆனால் இரண்டு கிலோ வித்தியாசம் மேற்பூச்சால் வராது. இது முறைப்பாட்டைத் தொடங்கப் போதும், முடிவான சான்று மைக்ரோமீற்றர் அளவுதான்.

மெத்தை நான்கு அங்குலம் என்றார்கள், மூன்றரைதான் இருக்கிறது.

முதலில் எப்போது அளந்தீர்கள்? சுருட்டி அமுக்கிக் கட்டி வந்த ஃபோம் மெத்தை உடனே எழும்பாது. குளிரில் இன்னும் மெதுவாக எழும்பும். நுவரெலியாவில் மார்கழி, தை மாதத்தில் வாங்கியது என்றால் பொலித்தீனைக் கழற்றி, தட்டையான தரையில், மேலே யாரும் படுக்காமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு ஒரு தட்டைப் பலகையை அழுத்தாமல் மேலே வைத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் தரையிலிருந்து பலகையின் அடிவரை அளங்கள்.

அப்போதும் மூன்றரை என்றால் எட்டில் ஒரு பங்கு ஃபோம் இல்லை. அது சின்னக் குறை அல்ல. கடைக்காரர் "உறையோட சேத்து நாலு" என்பார். உறை தைத்த மெத்தைக்கு அது ஓரளவு பொருந்தும், வெறும் துணி உறைக்குப் பொருந்தாது. லேபலில் ஃபோம் தடிப்பு என்று தனியாக இருக்கிறதா பாருங்கள்.

நீள அகலத்தில் அரை அங்குலம் குறைந்தால் பொதுவாக யாரும் வழக்குக்குப் போக மாட்டார்கள். மூன்று அங்குலம் குறைந்து கட்டில் சட்டத்தில் இடைவெளி விழுந்தால் அது வேறு.

தண்ணீர்த் தாங்கி 1000 லீட்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீர்க்குழாய் மீற்றர் இருக்கும் வீட்டில் மிகச் சுலபம். தாங்கியை முழுதாக வடித்து, வீட்டில் எல்லாக் குழாயையும் பூட்டி, மீற்றர் எண்ணைப் படம் எடுங்கள். தாங்கி நிரம்பி மிதவை வால்வு நின்றதும் மறுபடி படம். ஒரு யூனிட் என்பது 1000 லீட்டர், சிவப்பு எண்களும் முட்களும் அதன் பகுதிகளைக் காட்டும். ஊற்றிலிருந்து பைப் போட்டு எடுக்கும் லயன்களில் மீற்றர் இருக்காது. அங்கே 20 லீட்டர் கேனை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் 20 கிலோ இருந்தால் கேன் சரி. பிறகு ஐம்பது கேன் ஊற்றிப் பார்க்க வேண்டியதுதான், இளவட்டங்கள் நாலு பேர் இருந்தால் ஒரு மணித்தியால வேலை.

கணக்கிலும் பார்க்கலாம். உள்விட்டம் 104 செ.மீ., மேல்வழிவுக் குழாய்வரை உயரம் 110 செ.மீ. என்று வையுங்கள். 0.785 x 1.04 x 1.04 x 1.10 என்று பெருக்கினால் 0.934 கன மீற்றர், அதாவது 934 லீட்டர். வெளிவாய் அடியிலிருந்து 6 செ.மீ. மேலே இருந்தால் அதற்குக் கீழே சுமார் 51 லீட்டர் எப்போதும் தேங்கி நிற்கும், குழாய்க்கு வருவது 883தான். கடைக்காரர் விற்றது மொத்தக் கொள்ளளவா, பாவிக்கக்கூடிய கொள்ளளவா என்ற சண்டை இங்கே வரும். அடியில் தேங்குவதை வைத்து முறையிட்டால் தோற்பீர்கள். மூடிவரை நிரப்பியும் ஆயிரம் வராவிட்டால் உங்கள் பக்கம் நியாயம். சுவரில் வரிவரியாக வளையம் போட்ட தாங்கிக்கு இந்தக் கணக்கு துல்லியமாக வராது, கேன் முறைதான்.

அளந்தால் குறைகிறது, ஆனால் குறைவு இல்லை என்கிறார்கள். அது எப்படி?

சில எண்கள் அளவு அல்ல, பெயர். அரை அங்குல பிவிசி பைப் எங்கே அளந்தாலும் அரை அங்குலம் வராது, அதன் வெளிவிட்டம் 20 மி.மீ. முக்கால் அங்குலம் என்பது 25, ஓர் அங்குலம் என்பது 32. தொழிலில் எல்லாரும் அறிந்த பெயர்கள் இவை, இவற்றின்மேல் முறைப்பாடு நிற்காது. பைப்பில் பார்க்க வேண்டியது நீளமும், அழுத்தத்தைக் காட்டும் 400, 600, 1000 என்ற வகை எண்ணும்தான். மேட்டு ஊற்றிலிருந்து பள்ளத்து வீட்டுக்கு இறங்கும் பைப்புக்கு 400 வகையை 1000 என்று விற்றால் அது வெடிக்கும், அதுவே நல்ல முறைப்பாடு.

மரமும் அப்படித்தான். "நாலுக்கு ரெண்டு" என்பது அறுத்த அளவு, சீவினால் குறையும். சீவிய மரத்தை வாங்கினால் "சீவி முடிச்ச அளவு என்ன?" என்று கேட்டு அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

டீவியை மூலைக்கு மூலை, ஒளிரும் திரையை மட்டும் அளக்க வேண்டும். 43 அங்குலம் என்று விற்கும் டீவி பலவற்றின் திரை 108 செ.மீ., அதாவது நாற்பத்திரண்டரை. பெட்டியில் 108 செ.மீ. என்றும் போட்டிருந்தால் அந்த அரை அங்குலத்துக்கு அலைய வேண்டாம்.

32 ஜீபி பென் டிரைவ் 29.8 என்று காட்டுகிறது.

சரியாகத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு ஜீபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். கணினி 107 கோடியே 37 இலட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது. அதனால் 64 என்பது 59.6 ஆகும், ஒரு டீபி என்பது 931 ஜீபி ஆகும்.

மோசடி வேறு விதம். ஒரு டீபி என்று மிக மலிவாக விற்பதைக் கணினியில் செருகினால் 931 என்றே காட்டும், ஏனென்றால் உள்ளிருக்கும் சில்லு பொய் சொல்லும்படி செய்யப்பட்டிருக்கிறது. முழுக்க நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும். பெரிய வீடியோக்களை இலக்கமிட்டு நிரம்பும்வரை பிரதி எடுங்கள், கழற்றி மறுபடி செருகி ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். உண்மையான கொள்ளளவுக்கு அப்பால் போனவை திறக்காது. எத்தனையாவது கோப்பு முதலில் திறக்கவில்லை என்பதை வீடியோவாக எடுத்து வைத்தால் மறுக்க முடியாத சான்று.

பவர் பேங்கில் 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது 7,400, மாற்றும் நட்டம் போக ஆறாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே மிகவும் போனால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கேஸ் சிலிண்டரை எப்படிச் சரிபார்ப்பது?

வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். அதோடு 12.5 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்தம். உதாரணமாக 13.4 என்று பொறித்திருந்தால் தராசு 25.9 காட்ட வேண்டும். வாங்குமிடத்திலேயே நிறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சீலை உடைத்துவிட்டு முறையிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கடந்த காலத்தில் ஒரு பாடம் உண்டு: 2021இல் 12.5 கிலோ சிலிண்டரின் உருவத்திலேயே 18 லீட்டர் என்று ஒரு சிலிண்டர் சந்தைக்கு வந்தது, அதிலிருந்த எரிவாயு 9.18 கிலோ. லீட்டரையும் கிலோவையும் ஒன்றாக நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். உருவத்தைப் பார்க்காதீர்கள், கிலோவைப் பாருங்கள்.

பக்கெட் (பொட்டலம்) பெரிதாக இருக்கிறது, உள்ளே சாமான் இல்லை.

நானுஓயா ஏறும்போதே பொரியல் பக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்தில் அடைத்த காற்று, அழுத்தம் குறைந்த மலையில் விரிகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே மலையகக் கடையில் பக்கெட்டின் பருமன் எதற்குமே சான்றில்லை. தேறிய நிறை என்று அச்சடித்த கிராம்தான் வாக்குறுதி. விலையை ஏற்றாமல் கிராமைக் குறைத்துப் புதிதாக அச்சடித்தால் எரிச்சல் வரும், ஆனால் அது உத்தரவாத மீறல் அல்ல. அச்சடித்த கிராமைவிட உள்ளே குறைந்தால் மட்டுமே மீறல்.

"மலைக்கு மேல எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்கிறாரே கடைக்காரர்?

பாதி உண்மை, முழுச் சாக்கு. கொழும்பில் சரிபார்த்த எலெக்ட்ரோனிக் தராசை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் புவியீர்ப்புக் குறைவால் வரும் வித்தியாசம் பத்துக் கிலோவுக்கு ஆறு கிராமைத் தாண்டாது. படிக்கல் வைத்து நிறுக்கும் தட்டுத் தராசில் அதுவும் இல்லை. ஒரு கிலோ பருப்பில் 40 கிராம் குறைந்தால் மலையைக் குறை சொல்ல வேண்டாம். வியாபாரத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்த வேண்டும், அதைப் பார்ப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். முத்திரை இல்லாத தராசைப் பற்றி அங்கே சொல்லலாம்.

எவ்வளவு குறைந்தால் முறையிடலாம்?

எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. சிலவற்றுக்கு அரசே வரம்பு போட்டிருக்கிறது. 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அதிகார சபை பாணுக்குப் போட்டது நல்ல உதாரணம்: ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், குறையக்கூடியது 13.5 கிராம், அரை இறாத்தல் 225 கிராம், குறையக்கூடியது 9 கிராம். ஆக முழுப் பாண் 436.5 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. வரம்பு போடாத பொருளுக்கு மூன்றைக் கேளுங்கள். குறை அளவுக் கருவியின் பிழையைவிடப் பெரிதா? அதனால் பொருளின் பயன் கெடுகிறதா? காசாகக் கணக்குப் பார்த்தால் அலைச்சலுக்குப் பெறுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்க வேண்டாம்.

சேலை ஆறு யார் (கெஜம்) என்றார்கள், ஐந்தரை மீற்றர்தான் இருக்கிறது.

ஆறு யார் என்பதே 5.49 மீற்றர். அதற்கு மேலே ரவிக்கைத் துண்டும் உண்டு என்று சொல்லியிருந்தால்தான் குறைவு.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை தொங்குகிறது.

மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தப் பலகை. சொன்ன அளவில் இல்லாத பொருளுக்கு அது கேடயம் ஆகாது. "நாங்க செய்யல, கம்பெனிகிட்ட கேளுங்க" என்பதும் அப்படியே. சட்டத்தின் வாசகம் உற்பத்தியாளரையும் வியாபாரியையும் சேர்த்தே சொல்கிறது, நீங்கள் காசு கொடுத்த கடையிடமே கேட்கலாம்.

முறைப்பாட்டை எப்படி எழுதுவது, எங்கே கொடுப்பது?

முதலில் கடைக்குப் பில், படங்களோடு போங்கள். ஒரு வாரம் கொடுங்கள். சரிவராவிட்டால் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதன் பிரதியோடு அதிகார சபைக்கு முறைப்பாடு. சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைப்பு மட்டும் போதாது, எழுத்தில் வேண்டும். மாவட்ட அலுவலகங்கள் மாவட்டச் செயலகங்களில், அதாவது கச்சேரியில், இயங்குகின்றன. தமிழிலேயே எழுதலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடிதம் சுருக்கமாக, கோபம் இல்லாமல் இருக்கட்டும். இப்படி:

"இன்ன திகதியில், இன்ன கடையில், இன்ன இலக்கப் பற்றுச்சீட்டுக்கு, 0.47 மி.மீ. தடிப்பு, 10 அடி நீளம் என்று எழுதித் தந்த கூரைத் தகரம் 12 வாங்கினேன். செலுத்திய தொகை ரூபா இவ்வளவு. மைக்ரோமீற்றரால் மூன்று தகரத்தில் ஐந்து இடம் வீதம் அளந்ததில் 0.39 முதல் 0.41 மி.மீ. வரை மட்டுமே உள்ளது. படங்கள் இணைப்பு. தகரங்கள் கூரையில் ஏற்றப்படாமல் வீட்டில் உள்ளன, பரிசோதிக்கலாம். கடைக்கு இன்ன திகதியில் அறிவித்தும் தீர்வு இல்லை. தகரங்களை மாற்றித் தரவோ, முழுத் தொகையையும் ஏற்று இறக்கு கூலியையும் திருப்பித் தரவோ கட்டளையிடுமாறு கேட்கிறேன்."

கீழே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. தோட்ட முகவரி என்றால் டிவிஷன், லயன் இலக்கம், தபால் நிலையம் மூன்றையும் போடுங்கள். விசாரணைக்கு அழைக்கும் கடிதம் தோட்ட ஆபீசிலேயே தேங்கிவிடுவது உண்டு, அதனால் தொலைபேசி இலக்கம் கட்டாயம். மூலப் பில்லைக் கொடுத்துவிடாதீர்கள், பிரதி மட்டும்.

அந்த "பரிசோதிக்கலாம்" என்ற வாக்கியம் முக்கியம். ஆணி அடித்த தகரத்தையும் ஆறு வாரம் படுத்த மெத்தையையும் வைத்து வாதாடுவது கடினம்.

பிறகு என்ன நடக்கும்?

இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். பல விஷயம் அந்த மேசையிலேயே முடிந்துவிடும், கடைக்காரர் மாற்றித் தர ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டதைத் திகதியோடு எழுத்தில் வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ சபை கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக தண்டப்பணம் போல அறவிட முடியும். உங்களுக்குச் சட்டத்தரணி தேவையில்லை. மூன்று மாதம் கடந்தவர்களுக்கு மத்தியஸ்த சபையும் குடியியல் வழக்கும் மீதி, அங்கே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பேசும்.

பேஸ்புக்கில் பார்த்து கூரியரில் வாங்கினால்?

விளம்பரம் காணாமல் போய்விடும், அதுதான் ஆபத்து. ஓடர் கொடுக்குமுன் அளவு தெரியும் பக்கத்தையும் விற்பவரின் பெயரையும் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். உள்பெட்டியில் "நீளம் எவ்வளவு, அண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பதிலை வாங்கிவிடுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் பில். பொதியைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்தே வெட்டாமல் வீடியோ எடுங்கள், முகவரி ஒட்டிய பக்கம் முதலில் தெரியட்டும்.

அமெரிக்காவில் இதற்கு வழக்குப் போட்டுக் கோடி வாங்கினார்களாமே?

அப்படி யாரும் கோடி வாங்கவில்லை. 2013இல் சப்வே கடையின் "ஓரடி" சான்ட்விச் பதினோரு அங்குலம்தான் என்று அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு படம் பரவியது, அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. மாவு ஒரே எடைதான், வேகும்போது நீளம் மாறுகிறது என்று தெரியவந்தது. சமரசத்தில் வழக்கறிஞர்களுக்கு 520,000 டொலர், வாடிக்கையாளர்களுக்கு இனிமேல் அளந்து சுடுவோம் என்ற உறுதிமொழி. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சமரசத்தையே தூக்கி எறிந்தது. அதே ஆண்டு, "நாலுக்கு நாலு" மரம் மூன்றரைக்கு மூன்றரைதான் என்று இலினோயில் போட்ட வழக்கும் தள்ளுபடி ஆனது. அது மரத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் என்பதே காரணம். நம் பிவிசி பைப்புக்கும் அதே நியாயம்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிறார்களே, அதற்கும் 1977க்குச் சொல்லலாமா?

அது நீங்கள் வாங்கும் பொருள் இல்லை, உங்கள் சம்பளம். தொழிற்சங்கத்தையும் தொழில் திணைக்களத்தையும் அணுக வேண்டும். தராசே பிழை என்று சந்தேகம் இருந்தால், ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை வெறுமையாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை அதே தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கிலோ வர வேண்டும்.